பழைய வரைபடத்தை வாசிப்பது எப்படி? சிங்கப்பூர்த் தமிழருக்கான முழுமையான வழிகாட்டி

லெப்டினன்ட் ஃபிலிப் ஜாக்சன் 1822ஆம் ஆண்டு வாக்கில் வரைந்த சிங்கப்பூர் நகரத் திட்டப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். பாடப்புத்தகம், அரும்பொருளகச் சுவர், நினைவுப்பொருள் கடை என்று எங்கும் அது உண்டு. அதில் சிங்கப்பூர் ஆற்றின் மேல்பகுதியில், கரையை ஒட்டி 'சூலியா கம்போங்' என்று எழுதிய கட்டம் ஒன்று இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களுக்கென்று ஒதுக்கிய இடம் அது. "அந்தக் காலத்தில் நம்மவர்கள் அங்கேதான் இருந்தார்கள்" என்று பலர் அதைக் காட்டிச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் மாரியம்மன் கோயிலும் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் இருப்பது சவுத் பிரிட்ஜ் ரோட்டில். நாகூர் தர்கா இருப்பது தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டில். மூன்றுமே 1820களில் தொடங்கியவை; மூன்றுமே அந்தக் கட்டத்துக்கு வெளியே, இன்று நாம் சைனாடவுன் என்று அழைக்கும் வட்டாரத்தில் நிற்கின்றன. படத்தை நம்புவதா, கோயிலை நம்புவதா?

காலனி ஆட்சிக் கால வரைபடம் எதைக் கையில் எடுத்தாலும் இந்தக் கேள்வி வரும். லண்டனிலோ ஆம்ஸ்டர்டாமிலோ உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நம் ஊர்கள் தொலைதூர நிலங்கள். அவர்களுக்காக வரைந்த படத்தில் உள்ள கோடுகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. சில கோடுகள் அளந்து போட்டவை. சில, யாரோ சொல்லக் கேட்டுப் போட்டவை. சில, இப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டுப் போட்டவை. ஒவ்வொரு கோட்டிடமும் "நீ அளந்ததா, கேட்டதா, ஆசைப்பட்டதா?" என்று கேட்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குத்தான் இந்த வழிகாட்டி.

படி 1: ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள்

பத்துப் படங்களை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஒரு படத்தோடு ஒரு மாலைப்பொழுதைக் கழிப்பது மேல். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு. விக்டோரியா ஸ்ட்ரீட்டில் உள்ள தேசிய நூலகத்தின் லீ கொங் சியான் ஆய்வு நூலகத்தில் தென்கிழக்காசியப் பழம் வரைபடங்களின் அருமையான தொகுப்பு இருக்கிறது. டேவிட் பாரி என்பவர் சேகரித்தவையும் அதில் அடக்கம். ஃபோர்ட் கேனிங் அடிவாரத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் நில அளவைப் படங்கள் கிடைக்கும். இரண்டு இடங்களின் இணையத்தளங்களிலும் பெரிதாக்கிப் பார்க்கும்படி படங்களை ஏற்றி வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக நூலகமும் சிங்கப்பூரின் பழைய வரைபடங்களுக்கெனத் தனி இணையப் பக்கம் வைத்திருக்கிறது.

முதல் முறை என்றால் ஜாக்சன் படத்தையே எடுங்கள். தெருப்பெயர்கள் தெரிந்தவை, ஆறு தெரிந்தது. பழகிய ஊரில்தான் பொய் சட்டென்று பிடிபடும்.

படி 2: தேதியைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு வரைபடத்துக்குக் குறைந்தது மூன்று தேதிகள் உண்டு: நிலத்தை அளந்த தேதி, படத்தை வரைந்த தேதி, அச்சிட்ட தேதி. ஜாக்சன் படம் 1822-23இல் உருவானது. லண்டனில் அது அச்சாகி வெளிவந்தது 1828இல், சிங்கப்பூரை நிர்வகித்த ஆங்கிலேய அதிகாரி ஜான் கிராஃபர்டின் பயணநூலோடு. அச்சுத் தேதியை மட்டும் பார்ப்பவர் அதை 1828ஆம் ஆண்டுச் சிங்கப்பூர் என்று எண்ணிக்கொள்வார். அந்த ஆண்டில் நகரம் அப்படி இல்லை. சொல்லப்போனால் எந்த ஆண்டிலும் முழுக்க அப்படி இருந்ததில்லை.

ஐரோப்பிய அட்லஸ் படங்களில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். செப்புத்தகட்டில் ஒருமுறை செதுக்கிவிட்டால் பல ஆண்டுகள் அதே தகட்டை வைத்து அச்சடிப்பார்கள். ஆண்ட்வெர்ப் நகரின் ஆபிரகாம் ஆர்ட்டேலியஸ் 1570இல் வெளியிட்ட அட்லஸ் லத்தீன், டச்சு, ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஆங்கிலம், இத்தாலியம் எனப் பல மொழிகளில் வந்தது. படம் ஒன்றுதான், பின்பக்கத்தில் அச்சிட்ட விளக்கத்தின் மொழிதான் மாறும். அதனால் எந்தப் பழைய அட்லஸ் தாளாக இருந்தாலும் திருப்பிப் பாருங்கள். அது எந்தப் பதிப்பைச் சேர்ந்தது என்பதற்கான துப்பு பெரும்பாலும் முதுகில்தான் இருக்கும்.

படி 3: திசை, தீர்க்கரேகை, அளவுகோல்

வடக்கு மேலே இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன் கோவாவில் போர்ச்சுகீசியப் பேராயரின் செயலாளராக இருந்தபோது சேர்த்த தகவல்கள் 1596இல் நூலாக வந்தன. அதிலுள்ள கிழக்காசியப் படத்தில் கிழக்குதான் மேலே. மலாய்த் தீபகற்பம் கைகாட்டி மரம்போலப் பக்கவாட்டில் நீண்டு கிடக்கும். தாளைத் திருப்பினால் பழகிய வடிவம் வந்துவிடும். ஆனால் உடனே திருப்பாதீர்கள். மேற்கிலிருந்து கப்பலில் வருகிறவனுக்கு முன்னால் விரியும் கடல் அது; வரைந்தவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பது அந்தக் கோணத்திலேயே தெரிகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு மரபு வேண்டுமென்றால், 17ஆம் நூற்றாண்டின் மிங் காலச் சீனத் தொகுப்பு ஒன்றில் இருக்கும் மாவ் குன் படத்தைப் பாருங்கள். அதில் தெமாசெக்கின் பெயரும் உண்டு. அது நீண்ட பட்டையாக ஓடும் படம். கப்பல் போகும் வழி, திசைகாட்டி காட்டும் கோணம், எத்தனை காவல்நேரம் (கப்பலில் ஒரு காவல்முறை நீடிக்கும் நேரம்) ஓட்ட வேண்டும் என்பதே அதில் முக்கியம். நிலத்தின் வடிவமோ யாருக்கு எவ்வளவு நிலம் என்பதோ அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

தீர்க்கரேகை விஷயத்தில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். கிரீன்விச் 1884இல்தான் பன்னாட்டு அளவில் பூஜ்யமாக ஏற்கப்பட்டது. அதற்கு முன் பிரெஞ்சுக்காரர் பாரிஸிலிருந்து எண்ணினார்கள். பலர் கேனரித் தீவுகளில் உள்ள ஃபெர்ரோவிலிருந்து எண்ணினார்கள். சிங்கப்பூர் கிரீன்விச்சிலிருந்து ஏறக்குறைய 103°51' கிழக்கு. பாரிஸ் 2°20' கிழக்கே இருப்பதால் பாரிஸ் கணக்கில் அது 101°31' ஆகும். ஃபெர்ரோ 17°40' மேற்கே என்று கொண்டதால் அந்தக் கணக்கில் சுமார் 121°31'. பெலின் என்ற பிரெஞ்சுக் கடற்படவரைஞர் 1755இல் வெளியிட்ட மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைப் படத்தைப் பார்த்துவிட்டு "எத்தனை பாகை தவறு!" என்று சொல்லும் முன் இந்தக் கழித்தலைச் செய்துபாருங்கள். எண்கள் பொருந்தவில்லை என்றால் அது எந்தத் தலைநகரத்தின் பூஜ்யம் என்று கேட்க வேண்டும்.

அளவுகோல் சுலபம். ஆங்கிலேய நில அளவைப் படங்களில் 'செயின்' என்று வந்தால் அது 66 அடிச் சங்கிலி; 80 சங்கிலி ஒரு மைல்.

படி 4: மூன்று வண்ணப் பென்சில்கள்

இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. படத்தின் நகல் ஒன்றை அச்சிட்டுக்கொள்ளுங்கள். அளந்ததற்குப் பச்சை, கேட்டதற்கு நீலம், ஆசைக்குச் சிவப்பு. ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு நிறம் போட வேண்டும். தெரியாததை வெறுமனே விட்டுவிடலாம்.

கேட்டதிலிருந்து தொடங்குவோம். 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இருந்த புவியியலாளர் தாலமி இந்தப் பக்கம் வந்தவர் அல்லர். வணிகரும் மாலுமிகளும் சொன்னதை வைத்து ஊர்ப்பெயர்களைத் தொகுத்தார். அதில் காவிரிப்பூம்பட்டினம் எனக் கருதப்படும் துறைமுகம் இருக்கிறது. மலாய்த் தீபகற்பம் 'பொற்குடாநாடு' என்ற பெயரில் இருக்கிறது. ஆனால் இந்தியா தட்டையாக நசுங்கிக் கிடக்க, இலங்கை பூதாகரமாக ஊதியிருக்கும். அவர் நூலை அடிப்படையாகக் கொண்ட படங்கள் 1477 முதல் ஐரோப்பாவில் அச்சாகின. அதாவது, பதின்மூன்று நூற்றாண்டுப் பழைய கேள்விச்செய்தி புத்தம்புது அச்சில் உலவியது.

அளக்கிறவரே கேட்டதையும் வரைவார் என்பதற்கு ஜேம்ஸ் ரென்னல் சரியான எடுத்துக்காட்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வங்காளத்தைக் கால் நோக நடந்து அளந்தவர் அவர். அதே ரென்னல் 1798இல் மேற்கு ஆப்பிரிக்காவின் குறுக்கே 'காங் மலைகள்' என்று ஒரு நீண்ட மலைத்தொடரை வரைந்தார். அப்படியொரு மலைத்தொடர் கிடையாது. ஒருவரைப் பார்த்து மற்றவர் நகலெடுத்து, 1880களின் இறுதியில் பிரெஞ்சு அதிகாரி பேன்ஜே நேரில் போய் இல்லை என்று சொல்லும்வரை அந்த மலை வரைபடங்களில் நின்றது. வங்காளத்தை அளந்த பெயருக்கு இருந்த மதிப்பு, பார்த்திராத மலைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆகவே வரைந்தவரின் பெயரைப் பார்த்து நிறம் போடாதீர்கள். கோட்டைப் பார்த்துப் போடுங்கள்.

இப்போது ஆசைக்கு வருவோம். ஜாக்சன் படம் பெரும்பகுதி சிவப்பு. 1822இல் ராஃபிள்ஸ் அமைத்த நகரக் குழு, எந்த இனத்தார் எங்கே குடியிருக்க வேண்டும் என்று வகுத்ததன் காகித வடிவம் அது. ஐரோப்பியர் நகரம், சீனர் கம்போங், அரபுக் கம்போங், பூகிஸ் கம்போங், சூலியா கம்போங் என்று பெட்டி பெட்டியாகப் பிரித்திருக்கிறது. தெருக்கள் நூல் பிடித்தாற்போல நேராக ஓடுகின்றன. பல தெருக்கள் அன்றைக்கு இல்லவே இல்லை. இருக்கிற தெருவுக்கும் வரப்போகும் தெருவுக்கும் கோட்டில் வித்தியாசம் காட்டாமல் வரைந்ததுதான் அந்தப் படத்தின் வலிமை. பார்க்கிறவருக்கு எல்லாமே முடிந்துபோன காரியம்போலத் தெரியும்.

ஆசைதானே, காகிதத்தில்தானே என்று விட்டுவிடவும் முடியாது. மாரியம்மன் கோயிலின் கதையைக் கேளுங்கள். 1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளை கோயில் கட்ட இடம் கேட்டார். முதலில் தெலுக் ஆயரில் கொடுத்தார்கள். நல்ல தண்ணீர் இல்லை. பிறகு ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய்ப் பக்கம் கிடைத்தது. அதற்குள் இந்த நகரத் திட்டம் வந்துவிட்டது. திட்டப்படி அந்த இடம் கோயிலுக்கு ஆகாது. கடைசியில் 1823இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டு இடம் அமைந்து, 1827இல் மரமும் அத்தாப்பும் கொண்டு கோயில் எழும்பியது. ஒரு கோடு சாமியையே இடம் மாற்றியிருக்கிறது. ஆனாலும் அந்த இடம் சூலியா கம்போங்குக்குள் போய் அடங்கவில்லை. திட்டம் தள்ளியது, மக்கள் தண்ணீரையும் தொழிலையும் பார்த்துத் தங்களுக்குத் தோதான இடத்தில் நின்றார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் 1820களின் தமிழர் சிங்கப்பூர் கண்ணுக்குத் தெரியும்.

பச்சைக்கு, ஜார்ஜ் கோல்மனின் 1836ஆம் ஆண்டு நகரப் படத்தையும் ஜே. டி. தாம்சனின் 1846ஆம் ஆண்டுப் படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 'நேரில் அளந்தது' என்று தலைப்பிலேயே சொல்லிக்கொள்பவை அவை. ஜாக்சன் படத்தைப் பக்கத்தில் வைத்து, எந்தத் தெரு வந்தது, எது வராமலே போனது என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எனக்கு இந்த வேலையில் அலுப்பே தட்டுவதில்லை.

படி 5: மூலையிலுள்ள சித்திரத்தை விடாதீர்கள்

தலைப்பைச் சுற்றியுள்ள அலங்காரச் சித்திரத்தை வெறும் அழகு என்று கடந்து போகிறவர்கள் உண்டு. பெரிய இழப்பு. படத்தின் மற்ற பகுதி மறைமுகமாகச் சொல்வதை அந்த மூலை வெளிப்படையாகச் சொல்லிவிடும்.

ரென்னலின் 1782ஆம் ஆண்டு இந்தியப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிராமணப் பண்டிதர்கள் சாத்திரச் சுவடிகளைக் கையில் ஏந்தி நீட்டுகிறார்கள். வாங்கிக்கொள்வது பிரிட்டானியா, அதாவது பிரிட்டனைப் பெண்ணுருவில் காட்டும் தெய்வம். இந்துக்களின் புனித நூல்களைத் தன் பாதுகாப்பில் ஏற்கிறாள் என்று ரென்னலே விளக்கம் எழுதினார். யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார், யாருக்கு யார் பாதுகாப்பு என்பது ஒரு கையகலச் சித்திரத்தில் முடிந்துவிட்டது. கம்பெனி வரி வசூலித்ததும் போர் நடத்தியதும் அதில் இல்லை. நம்மவர்களே மனமுவந்து ஒப்படைத்தார்கள் என்ற கதைதான் இருக்கிறது.

டச்சு வரைபடக்காரர் பிளான்சியஸ் 1590களில் வெளியிட்ட, இன்றைய இந்தோனேசியாவில் உள்ள மொலுக்காஸ் தீவுகளின் படத்தில் இன்னும் நேரடி. கீழே ஜாதிக்காய், கிராம்பு, சந்தனம் ஆகியவற்றை ஒரு சரக்குப் பட்டியலைப்போல வரைந்திருக்கிறார்கள். அங்கே எதற்காகப் போக வேண்டும் என்று யாரும் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

படி 6: அளவுச் சங்கிலியைப் பிடித்தவர் யார்?

படத்தின் அடியில் ஒரு வெள்ளை அதிகாரியின் பெயர் இருக்கும். சங்கிலியை இழுத்தவர்கள், கருவியைச் சுமந்தவர்கள், ஊர்ப்பெயர் சொன்னவர்கள் பெயர் இருக்காது. இந்த இடத்தில் தமிழர்களாகிய நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்திய நில அளவையின் பெரும் அத்தியாயம் தொடங்கியதே நம் மண்ணில்தான். 1794இல் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்று திறந்தார்கள். பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது அதுதான். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிப்படைக் கோடு ஒன்றை அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரியும் நில அளவையைத் தொடங்கினார்.

காவிரிப் படுகையில் ஏறிப் பார்க்க மலை இல்லை. எங்கும் தென்னையும் பனையும். அதனால் கோயில் கோபுரங்களை மலையாக்கிக்கொண்டார்கள். 1808இல் கோணங்களை அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்து, கருவி கோயிலில் மோதி நசுங்கியது. லாம்டன் பல வாரம் உட்கார்ந்து அதைத் தம் கையாலேயே சீராக்கினார் என்பது எல்லா வரலாறுகளிலும் இருக்கிறது. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் யார் என்பது இல்லை.

சிங்கப்பூரிலும் இதே கதைதான். 1825 முதல் இந்தியக் கைதிகள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். சென்னை மாகாணத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் நாடு கடத்தப்பட்டவர்கள். கோல்மன் அவர்களின் மேற்பார்வையாளராக இருந்தார். அவர் படத்தில் மெல்லிய இரட்டைக் கோடாக ஓடும் சாலைகள் பலவற்றை வெட்டியதும் சதுப்பைத் தூர்த்ததும் அந்தக் கைகள்தான். படத்தைப் பார்க்கும்போது சாலை ஒவ்வொன்றுக்கும் இதை நினைவில் வையுங்கள்.

படி 7: வெற்றிடமும் வண்ணமும்

வெள்ளையாக விட்ட இடத்தை ஆளில்லாத இடம் என்று படிக்கக் கூடாது. 1819க்கு முன்பே சிங்கப்பூர்க் குன்றுகளில் சீனர்களின் காம்பியர் (தோல் பதனிடப் பயன்பட்ட செடி) தோட்டங்கள் இருந்தன. காலாங் ஆற்றில் படகே வீடாக வாழ்ந்த ஓராங் லாவுட் மக்கள் இருந்தார்கள். நிலத்தை மட்டும் குறிக்கும் படத்தில் அவர்களுக்கு இடமே கிடையாது. ஆனால், மலாக்காவில் பிறந்த எரேடியா 1604இல் வரைந்த படத்தில் தானா மேரா, பிளாக்கான் மாத்தி (இன்றைய செந்தோசா), துறைமுக அதிகாரியான ஷாபந்தரின் இடம் எல்லாம் குறித்திருக்கின்றன. 1819க்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த பெயர்கள் பிற்காலத்து ஐரோப்பியப் படங்களில் காணாமல் போயின என்றால், அவற்றைக் குறிக்க யாரும் அக்கறைப்படவில்லை என்று பொருள்.

வண்ணத்துக்கு வந்தால், 1824ஆம் ஆண்டு ஆங்கிலேய-டச்சு உடன்பாட்டுக்கு முந்திய படம் ஒன்றையும் பிந்திய படம் ஒன்றையும் அருகருகே வைத்தாலே போதும். ஜொகூர்-ரியாவ்-லிங்கா என்று கடலைச் சுற்றி ஒரே அரசாக இருந்தது இரண்டு நிறமாகப் பிளந்திருக்கும். நம் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் பாத்தாம் அந்நிய நாடானது அப்படித்தான்.

படி 8: இன்றைய படத்தின் மேல் பொருத்துங்கள், பிறகு நடங்கள்

கியூஜிஐஎஸ் (QGIS) என்ற இலவச மென்பொருளில் பழைய படத்தை ஏற்றி, இன்றைய படத்தோடு ஒட்டிப் பார்க்கலாம். அதற்கு இரண்டு காலத்திலும் நகராத புள்ளிகள் வேண்டும். ஃபோர்ட் கேனிங் குன்று, ஆற்றின் வளைவுகள், மாரியம்மன் கோயில் போன்றவை நன்றாகப் பொருந்தும். கடற்கரையை மட்டும் புள்ளியாக எடுக்காதீர்கள். தெலுக் ஆயர் ஸ்ட்ரீட் அன்று கடலோரத் தெரு. 1880களுக்குள் முன்னாலிருந்த கடலைத் தூர்த்துவிட்டார்கள். 1960களில் ஏறக்குறைய 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 730க்கும் மேல். கரையை நம்பிப் பொருத்தினால் மொத்தப் படமும் கோணிக்கொள்ளும்.

பொருத்தியதை அச்சிட்டுக் கையில் எடுத்துக்கொண்டு, நாகூர் தர்காவில் தொடங்கி, சவுத் பிரிட்ஜ் ரோடு வழியாக ஆற்றுக்கு வந்து, கரையோடு மேலே நடந்து சூலியா கம்போங் குறித்த இடம்வரை போய் வாருங்கள். ஒரு காலைப்பொழுது போதும். பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம். மூன்று வண்ணப் பென்சில்களை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

படி 9: விலைக்கு வாங்குவதாக இருந்தால்

பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்று கட்டாயம். வண்ணம் சிறு சிறு புள்ளிகளாகச் சீராகத் தெரிந்தால் அது நவீன அச்சு. எவ்வளவு பழுப்பேறியிருந்தாலும் சரி. செப்புத்தகட்டு அச்சு என்றால் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடம் விரலுக்குத் தட்டும். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் பழைய கைத்தாளில் இணைகோடுகளும் சில சமயம் நீர்க்குறியும் தெரியும். பச்சை வண்ணம் பூசிய இடத்தில் தாள் பழுப்பாகி நொறுங்குகிறதா என்று பின்பக்கம் பாருங்கள். செம்பு கலந்த பழைய பச்சை தாளையே அரிக்கும். அட்லஸிலிருந்து பிய்த்து எடுத்த தாளா, எங்கிருந்து வந்தது, முன்பு யாரிடம் இருந்தது என்று கடைக்காரரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தயங்கினால் வாங்க வேண்டாம்.

நம் ஊர் ஈரப்பதம் காகிதத்துக்கு எமன். அமிலமில்லாத அட்டையில் வைத்து, புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டு, வெயில் படாத உட்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையே காற்றோட்டம் இருக்கட்டும். லேமினேட் செய்யவே கூடாது, ஒட்டும் டேப்பும் கூடாது. கிழிசல் இருந்தால் காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.